கேம் பக்கில் சேர்த்த கோல்டு: பிடுங்கியது சரி, பேன் செய்தது சரியா?

கேள்வி இது: "ஆன்லைன் கேம் ஒன்றின் மார்க்கெட்டில் இருந்த பக்கை, அதாவது புரோகிராம் பிழையைப் பயன்படுத்தி நிறைய கோல்டு (கேமுக்குள் செல்லும் பணம்) சேர்த்தேன். ஹேக் எதுவும் செய்யவில்லை. கேம் அனுமதித்ததைத்தான் செய்தேன். தப்பு டெவலப்பருடையது. கோல்டையும் எடுத்துக்கொண்டு அக்கவுண்டையும் நிரந்தரமாக பேன் செய்து, இனி ஆடவே முடியாதபடி தடுத்துவிட்டார்கள். இது நியாயமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல்டைத் திரும்ப எடுத்தது சரி. நீங்கள் சொன்னதற்கு மேல் வேறு எதுவும் நடக்கவில்லை என்றால், நிரந்தர பேன் தவறு. இந்த இரண்டையும் ஒரே தண்டனையாகப் பார்ப்பதால்தான் இப்படிப்பட்ட சண்டைகள் முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகின்றன.

பிளேயர் தரப்பு "கேமின் புரோகிராமே அனுமதித்தது" என்கிறது. நிறுவனம் "விதிமுறைகளுக்கு நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள்" என்கிறது. இரண்டும் உண்மை, இரண்டும் போதாது. பக்கால் அடிபடுகிறவர் பெரும்பாலும் இந்த இருவரில் யாரும் இல்லை. அதே சர்வரில், அதே மார்க்கெட்டில் நேர்வழியில் பொருள் விற்றுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆள்தான் அடிபடுகிறார். அவர் பேச்சு இந்த வாதங்களில் எங்குமே வருவதில்லை.

அது எப்படி என்று பார்க்கலாம். அரக்கனைக் கொன்றால், குவெஸ்ட்டை (கேம் தரும் பணியை) முடித்தால் கேமில் கோல்டு புதிதாக உருவாகிறது. ஆயுதத்தைப் பழுதுபார்த்தால், ஏலக் கட்டணம் கட்டினால் கோல்டு அழிகிறது. பிளேயர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும்போது கோல்டு கைமாறுமே தவிர, அதன் மொத்த அளவு கூடுவதில்லை. உருவாவதும் அழிவதும் ஓரளவு ஈடுகட்டும் வரை விலைகள் நிலையாக இருக்கும். டூப் நடந்தால், அதாவது ஒரு பொருளோ கோல்டோ ஒன்றுமில்லாமல் நகலாக உருவானால், மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தவரின் கையிருப்பு அவர் எதுவும் செய்யாமலேயே மதிப்பிழக்கும். இது புதிய நோயும் இல்லை. 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனிலேயே, ஒரு சர்வரின் எல்லையைத் தாண்டி அடுத்த சர்வருக்குள் நுழையும் இடத்தில் பொருட்களை டூப் செய்ய வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

டெவலப்பரின் தவறு எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதற்கு டயாப்லோ 3 என்ற கேமைச் சொல்லலாம். அதில் உண்மையான பணத்துக்குக் கோல்டு விற்க பிளிஸார்ட் நிறுவனமே ஏல மையம் நடத்தியது. கோல்டின் விலை சரிந்துகொண்டே போய், அங்கே அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச விலையான 0.25 டாலரில் முட்டி நின்றது. அதனால் 2013 மே மாதம் வந்த 1.0.8 அப்டேட்டில், விற்பனைக்கு வைக்கும் ஒரு கட்டின் அளவை 10 லட்சம் கோல்டிலிருந்து 1 கோடியாக உயர்த்தினார்கள். கம்ப்யூட்டர் எண்ணைச் சேமிக்கும் ஒரு வடிவமான 32 பிட் எண்ணில் அடங்கும் உச்சம் சுமார் 214 கோடி. கட்டு பெரிதானதும் ஒரே ஏலத்தில் அந்த உச்சத்தைத் தாண்ட முடிந்தது. தாண்டியபோது கணக்கு தவறியது: விற்பவரிடம் குறைவாகக் கழித்துக்கொண்டு, ஏலத்தை ரத்து செய்ததும் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. ரத்து செய்யச் செய்ய கோல்டு பெருகியது.

பிளிஸார்ட் ஏல மையங்களை நிறுத்தியது. ஆனால் கேமைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் ரோல்பேக்கைச் செய்யவில்லை. செய்திருந்தால் அந்த நேரத்தில் நேர்மையாக ஆடிய எல்லோருடைய உழைப்பும் சேர்ந்து அழிந்திருக்கும். பதிலாக அக்கவுண்ட்களைத் தணிக்கை செய்து, டூப் செய்தவர்களை முடக்கி, அந்த ஏலங்களில் வந்த பணத்தைக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கான ஓர் அறக்கட்டளைக்குத் தருவதாக அறிவித்தது. அந்த முறைகேட்டில் நிறுவனத்துக்கும் லாபம் நிற்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் விற்பனையில் கமிஷன் எடுக்கும் நிறுவனம் பிளேயரை மட்டும் குற்றவாளியாக்குவது சரியாக இருக்காது.

இங்கே டூப் செய்தவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். 200 கோடிக்கு மேல் கோல்டு வைத்திருந்தவர்தான் அதைச் செய்யவே முடியும். ஏலம் போடுவது, ரத்து செய்வது, தொகை கூடுவதைப் பார்ப்பது, மறுபடி போடுவது என்று போகும்போது இது பக் என்று தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இனி கடினமான இடத்துக்கு வருவோம். ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனத்தின் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில் பிளேயரைப் பிளேயர் ஏமாற்றலாம். உளவு பார்க்கலாம், நம்பிக் கொடுத்த கஜானாவைச் சுருட்டிக்கொண்டு ஓடலாம். அதற்கு பேன் கிடையாது. அப்படிப்பட்ட கேமில் "இது எக்ஸ்ப்ளாயிட்", அதாவது முறைகேடான சுரண்டல் என்று நிறுவனம் எந்த இடத்தில் கோடு போடும்?

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு தெரிகிறது. 2008 டிசம்பரில் ஒரு விவகாரம் வெடித்தது. பிளேயர்கள் நடத்தும் விண்வெளி நிலையங்களில் மூலப்பொருளே போடாமல் ரியாக்டர்கள் விலையுயர்ந்த பொருட்களைத் தயாரித்துக்கொண்டிருந்தன. சம்பந்தப்பட்டவர்களை சிசிபி பேன் செய்தது. பக் அடைக்கப்பட்டதும் அந்தப் பொருட்களின் விலை எகிறியது. அதுவரை இருந்த விலையே பொய்யாக வந்த சரக்கின் மேல் நின்றிருந்தது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒழுங்காக மூலப்பொருள் வாங்கி ரியாக்டர் ஓட்டியவர்கள், உற்பத்திச் செலவே இல்லாதவர்களோடு போட்டி போட்டு நஷ்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை, கொடுக்கவும் வழியில்லை.

2012-ல் நடந்தது வேறு ரகம். எதிரிக் கப்பலை அழித்தால் கிடைக்கும் பரிசுப் புள்ளிகளை, அழிந்த பொருட்களின் மார்க்கெட் விலையை வைத்துக் கணக்கிடும் முறையை சிசிபி கொண்டுவந்தது. ஒரு சிறு குழு, யாரும் அதிகம் வாங்காத பொருட்களைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றி விலையை ஏற்றிவிட்டது. அப்புறம் அவற்றைத் தங்கள் கப்பலிலேயே ஏற்றி, தங்களின் இன்னொரு கேரக்டரால் சுட்டு வீழ்த்திப் புள்ளிகளைக் குவித்தது. அவர்கள் சொன்ன கணக்குப்படி லாபம் ஏறத்தாழ 5 டிரில்லியன் இஸ்க் (அந்த கேமின் பணம்). இதில் புரோகிராம் எதுவும் பழுதாகவில்லை. டெவலப்பர் எழுதிய சூத்திரம் எழுதியபடியே வேலை செய்தது. எல்லோரும் பார்க்கும் மார்க்கெட் விலையைக் கொஞ்சம் பேர் சேர்ந்து எவ்வளவு எளிதாகத் தள்ளிவிடலாம் என்பதை வடிவமைத்தவர்கள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சிசிபி லாபத்தைத் திரும்ப எடுத்தது, முறையை மாற்றியது, யாரையும் பேன் செய்யவில்லை. இத்தனை வருடங்களில் நான் பார்த்த முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஒன்றுமில்லாததிலிருந்து பொருள் உண்டாக்குவதும், இருக்கும் விதிகளை வைத்து விலையை வளைப்பதும் ஒரே குற்றமாக இருக்க முடியாது. ஆனால் இரண்டிலும் மற்றவர்களின் கையிருப்பு தேய்கிறது. அதனால் லாபம் இரண்டிலும் திரும்பியாக வேண்டும்.

நான் பல வருடம் ஆடிய ஒரு கேமில் எங்கள் கில்டின், அதாவது சேர்ந்து ஆடும் குழுவின் பொதுக் கையிருப்பை நான்தான் பார்த்துக்கொண்டேன். கோட்டையை மேம்படுத்த ஒரு அரிய கனிமத்தை எல்லோரும் சேர்த்துக்கொண்டிருந்தோம். வேலைக்குப் போகிறவர்கள் இரவில் ஒரு மணி நேரம் வந்து தோண்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கனிமம் டூப் ஆகிறது என்று தெரிந்தபோது அதன் விலை தரைமட்டத்தில் இருந்தது. நிறுவனத்துக்கு டிக்கெட் (புகார்) போட்டோம். வாரக்கணக்கில் பதில் இல்லை. பிறகு ஒரே நாளில் பேன்களை அள்ளி வீசினார்கள். மார்க்கெட்டில் சாதாரணமாக அந்தக் கனிமத்தை வாங்கிய எங்கள் கில்டைச் சேர்ந்த பெண் ஒருவரின் அக்கவுண்டும் அதில் போனது. வாங்குகிறவருக்கு அசல் எது, நகல் எது என்று எப்படித் தெரியும்? திரையில் இரண்டும் ஒன்றுதான். அவருடைய மேல்முறையீட்டுக்கு வந்தது ஒரு தானியங்கி மின்னஞ்சல். அவர் மறுபடி எந்த ஆன்லைன் கேமுக்கும் வரவில்லை. எனக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை.

அதனால்தான் கில்ட் வார்ஸ் 2-ல் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2012-ல் கேம் வெளியான சில நாட்களில், கடைக்காரர் ஒருவரிடம் சில ஆயுதங்களின் விலை தவறாகப் போடப்பட்டு வெறும் 21 கர்மாவுக்கு (அந்த கேமின் ஒரு வகைப் பணம்) கிடைத்தன. இருக்க வேண்டிய விலைக்கு அது பக்கத்தில்கூட இல்லை. சிலர் ஒன்றிரண்டு வாங்கினார்கள், சிலர் நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். கேமை உருவாக்கிய அரீனாநெட் முதலில் கடுமையாகச் சுரண்டியவர்களை நிரந்தரமாக பேன் செய்தது. பிறகு, அந்தப் பொருட்களையும் அவற்றால் கிடைத்த லாபத்தையும் அழித்துவிட்டால் தண்டனையை 72 மணி நேரத் தடையாகக் குறைக்கிறோம் என்று வழி விட்டது. கடைக்காரர் சொன்ன விலைக்கு ஒன்று வாங்கியவரைத் தண்டிக்க எந்த நியாயமும் இல்லை. நூறு வாங்கியவருக்கு விலை தப்பு என்று தெரியும். எண்ணிக்கையே அவருடைய மனதைக் காட்டிவிடுகிறது.

"விதிமுறையில் இருக்கிறது, நாங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்ற நிறுவனப் பேச்சு நீதிமன்றத்தில் எப்போதும் எடுபடுவதில்லை. செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் 2006-ல் பிராக் என்ற வழக்கறிஞர், இன்னும் பொதுவில் அறிவிக்கப்படாத நில ஏலத்தின் இணைய முகவரியை மாற்றிப் போட்டு உள்ளே நுழைந்து, ஒரு நிலத்தை 300 டாலருக்கு எடுத்தார். அதை நடத்தும் லிண்டன் நிறுவனம் அந்த நிலத்தோடு நிற்கவில்லை. அவருடைய மற்ற மெய்நிகர் சொத்துகளையும் பறிமுதல் செய்து அக்கவுண்டை முடக்கியது. பிராக் எதிர் லிண்டன் ரிசர்ச் என்ற அந்த வழக்கில், நீதிமன்றத்துக்குப் போகாமல் தனி நடுவரிடமே போக வேண்டும் என்று விதிமுறையில் இருந்த கட்டாயப் பிரிவு ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்று பென்சில்வேனியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2007 மே மாதம் சொன்னது. கடைசியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஏலத்தில் அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு நிலத்துக்காக எல்லாவற்றையும் எடுத்தது அளவு மீறிய செயல்.

கேமில் உள்ள பொருளுக்கு மதிப்பே கிடையாது என்ற வாதமும் அப்படித்தான். 2003-ல் பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று, ஹேக்கரிடம் பிளேயர் இழந்த மெய்நிகர் ஆயுதங்களைத் திருப்பித் தரும்படி கேம் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. ரூன்ஸ்கேப் என்ற கேமில் ஆடிய ஒரு சிறுவனை அடித்து மிரட்டி அவனுடைய தாயத்தையும் முகமூடியையும் பறித்த வழக்கில், அது திருட்டுதான் என்று 2012-ல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டுமே திருட்டு வழக்குகள், எக்ஸ்ப்ளாயிட் வழக்குகள் இல்லை. ஆனாலும் பிளேயர் நேரம் செலவழித்துச் சேர்த்ததை வெறும் டேட்டா என்று தள்ளிவிட முடியாது என்பது இவற்றிலிருந்து தெரிகிறது. பேன் செய்யும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும், டூப் செய்து அடுத்தவர் உழைப்பைக் கரைப்பவருக்கும் பொருந்தும்.

சிலர் செய்ததற்கு எல்லோரையும் கட்டிப்போடுவதும் நடக்கும். உண்மைப் பணத்துக்குக் கோல்டு விற்பவர்களை ஒழிக்க ரூன்ஸ்கேப் 2008 ஜனவரியில் பிளேயர்களுக்கு இடையிலான சுதந்திர வர்த்தகத்தையே எடுத்துவிட்டது. நண்பனுக்கு ஒரு விலையுயர்ந்த வாளைச் சும்மா கொடுக்கக்கூட முடியாத நிலை. பிளேயர்கள் கேமுக்குள்ளேயே கூட்டம் கூட்டமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வாக்கெடுப்பு நடத்தி 2011 பிப்ரவரியில்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வர்த்தகத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது வேறு. நியூ வேர்ல்டு கேமில் 2021 நவம்பரில் டூப் தெரிந்ததும் கோல்டு கைமாறும் வழிகள் எல்லாவற்றையும் அமேசான் தற்காலிகமாக மூடியது. வருத்தம் என்னவென்றால், அப்படி மூடியதே இன்னொரு டூப்புக்கு வழி செய்தது. அவசரத்தில் அப்படி நடக்கும். ஆனாலும் வாரக்கணக்கில் சும்மா இருப்பதைவிட உடனே மூடுவதே மேல். டூப் கோல்டு கைமாறிக் கலந்துவிட்டால் அப்புறம் குற்றமற்றவரைத் தொடாமல் அதைப் பிரிக்கவே முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மேல்முறையீடு செய்யுங்கள். கோல்டைத் திருப்பிக் கேட்காதீர்கள், அக்கவுண்டை மட்டும் கேளுங்கள். எப்போது கண்டுபிடித்தீர்கள், எத்தனை முறை செய்தீர்கள், கோல்டை எங்கே செலவழித்தீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். நீங்கள் செய்ததன் பதிவு (லாக்) அவர்களிடம் இருக்கிறது, மறைத்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். உண்மைப் பணத்துக்கு விற்கவில்லை, வேறு அக்கவுண்ட்களுக்கு மாற்றி ஒளிக்கவில்லை என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். நிரந்தர பேனைத் தற்காலிகத் தடையாக மாற்றும்படி கேட்க அதுதான் உங்களிடம் இருக்கும் வலுவான காரணம். விற்றிருந்தீர்கள் என்றால் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன்.

இன்னொரு முறை இப்படி ஒன்று கண்ணில் பட்டால், இது பக்தானா என்று உறுதிசெய்ய ஒரு முறை செய்து பார்ப்பது தவறில்லை. அதோடு நிறுத்திவிட்டு வீடியோவோடு டிக்கெட் போடுங்கள். வந்ததைச் செலவழிக்காமல் அப்படியே வையுங்கள். டிக்கெட் எண்ணையும் தேதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கை அடைக்கும் வரை செய்முறையைக் கில்டில்கூடச் சொல்ல வேண்டாம்.