அம்மாவும் லூர்து நகரமும்

கேள்வி: வாழ்நாள் கனவாக இருந்த வெளிநாட்டுத் திருயாத்திரை உங்களுக்கு நிறைவேறியிருக்கிறதா? அந்த அனுபவம் எப்படி இருந்தது?

கனவு என் அம்மாவுடையது. நான் துணைக்குப் போனவன். 2023 செப்டம்பரில் பிரான்சில் உள்ள லூர்து நகருக்குப் போய் ஐந்து நாள் தங்கினோம். அப்போது அம்மாவுக்கு 71 வயது.

அம்மா பிறந்தது புதுச்சேரி பக்கம், வில்லியனூர். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டிய லூர்து மாதா கோயில் இருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு வரும் அந்தத் திருவிழாவுக்கு அவர் நடந்தே போவார். "அசல் இடத்தை ஒரு தடவை பார்த்துடணும்" என்பது என் சிறுவயதிலிருந்தே வீட்டில் கேட்ட பேச்சு. முப்பது வருடம் வீடுகளில் சமையல் வேலை செய்தவர். அதில் மிச்சம் பிடித்துக் கட்டிய சீட்டுப் பணமும் என் சேமிப்பும் சேர்ந்துதான் செலவுக்கு ஆனது. முதல் முறை விசா கிடைக்கவில்லை. வங்கிக் கணக்கு விவரங்களைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பித்தோம், கிடைத்தது.

பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து லூர்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வழி முழுக்க அம்மா செபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். மாதா காட்சி கொடுத்த பாறைக் குகையை கெபி என்போம். அதன் முன்னால் போய் நின்றதும் அழுவார் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம தெருமுனை கெபி மாதிரியே இருக்குடா" என்றார், அத்தனை சந்தோஷமாக. அவருக்கு அது தெரிந்த இடம்தான். ஆறு மட்டும்தான் புதிது. கெபிக்கு எதிரிலேயே காவ் ஆறு சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது.

வரிசையில் நகர்ந்து கெபிக்குள் போகும்போது எல்லோரும் பாறையைக் கையால் தடவிக்கொண்டே போகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கை பட்டுப் பட்டு, அந்த உயரத்தில் பாறை அம்மிக்கல் போல வழவழப்பாகிவிட்டது. சில இடங்களில் நீர் கசிகிறது. அம்மா முந்தானையை அந்த ஈரத்தில் ஒற்றி எடுத்து என் நெற்றியில் வைத்தார். உள்ளே சற்றுப் பின்னால் கண்ணாடிக்குக் கீழே ஊற்று தெரிகிறது. மாதாவின் காட்சிகளைக் கண்ட ஏழைச் சிறுமி பெர்னதெத், 1858 பிப்ரவரி 25 அன்று கையால் மண்ணைத் தோண்டிய இடம் அது.

கோயில்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் அம்மாவை உலுக்கியது ஊருக்குள் இருக்கும் ஒரே ஒரு அறை. பெர்னதெத்தின் அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப்போனவர். வாடகை கொடுக்க வழியில்லாமல், சிறைக்கே லாயக்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பழைய சிறை அறையில் அவர்கள் ஆறு பேரும் குடியிருந்தார்கள். நீளமும் அகலமும் ஏறக்குறைய நான்கு நான்கு மீட்டர். மாவு திருடியதாகச் சந்தேகப்பட்டு அந்த அப்பாவைச் சில நாள் சிறையிலும் வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்கோ ஆஸ்துமா, 14 வயதிலும் எழுதப் படிக்கத் தெரியாது. மாதா அந்தப் பெண்ணிடம் அவள் வீட்டில் பேசும் வட்டார மொழியிலேயே பேசினார். மூன்றாம் காட்சியில், பதினைந்து நாள் இங்கே வர முடியுமா என்று கேட்டபோது "நீங்கள்" என்ற மரியாதைச் சொல்லில்தான் கேட்டார். அதுவரை யாரும் தன்னை அப்படி அழைத்ததில்லை என்று பெர்னதெத்தே பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

இதை நான் படித்துச் சொன்னதும் அம்மா அந்த அறையின் சுவரோரம் அப்படியே நின்றுவிட்டார். "நீங்கன்னா கூப்பிட்டாங்க? அந்தப் பிள்ளையவா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர் வேலை செய்த வீடுகளில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை "நீ", "வா", "போ" என்றுதான் கூப்பிடும். எனக்கு அது தெரியும், ஆனாலும் அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. வெளியே வந்த பிறகு வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

மூட்டுவலி இருந்ததால் மறுநாள் நீல நிற வண்டி கேட்டு வாங்கினோம். முன்னால் ஒருவர் பிடித்து இழுத்துப் போகும் வண்டி அது. நோயாளிகளுக்குத்தான் அங்கே எல்லா இடத்திலும் முதல் வழி. இழுக்க வந்தவர் நரைத்த தலையுள்ள இத்தாலியர். விடுமுறை எடுத்துச் சொந்தச் செலவில் வந்து தொண்டு செய்கிறவர். அம்மா ஏற மறுத்தார். "பெரிய மனுஷர் இழுக்க நான் உக்காரதா?" என்று கூச்சம். அவர் சிரித்தபடி குனிந்து அம்மாவின் கால்களை மெல்லத் தூக்கிப் பலகையில் வைத்து, போர்வையை மூடிவிட்டார். அவர் பேசிய மொழி எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் மொழி அவருக்குப் புரியவில்லை. ஊற்று நீரில் முழுகுவதற்கான குளியல் தொட்டிகள் இருக்கும் இடத்தில் நாங்கள் போன சமயம் முழுக்குக் கிடையாது. ஒரு தொண்டர் கூஜாவிலிருந்து கையில் நீர் ஊற்றுவார். கை கழுவி, முகம் கழுவி, கடைசியாக ஏந்திக் குடிக்க வேண்டும். பனிபோலக் குளிர்ந்த நீர்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போனால் இரவு ஒன்பது மணி மெழுகுவர்த்திப் பவனியைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு மொழியிலும் மாதாவுக்கான "அருள்நிறை மரியே" செபத்தைச் சொல்லி, "ஆவே மரியா" என்று பாடும்போது ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகள் ஒன்றாக உயரும். எங்கள் ஊர்க் கோயிலில் பாடும் அதே மெட்டு. அம்மா முழுத் தொண்டையில் தமிழில் பாடினார். சுவெட்டர் கட்டாயம் எடுத்துப் போங்கள், மலையடிவாரம் என்பதால் திடீரென்று மழை வரும்.

அப்புறம் ஒரு விஷயம். தெருவில் இருந்தவர்கள் சொல்லியனுப்பிய வேண்டுதல்களை அம்மா ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். 43 பெயர்கள், அதில் இந்து வீடுகளும் உண்டு. கெபியில் அதைப் போடப் பெட்டி இருக்கிறது, போட்டுவிடலாம் என்றேன். "படிக்காம போட்டா எப்படி?" என்று கடைசி நாள் காலையில் ஆற்றோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அருள்நிறை மரியே சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

தண்ணீர் கொண்டுவர, கடைகளில் மாதா உருவத்தில் நீல கிரீடம் மூடியாக வைத்த புட்டிகள் விற்கிறார்கள். மாதா தலையைத் திருக எனக்கு மனசு வராது என்று சொல்லி, அம்மா ஐந்து லிட்டர் கேன்தான் வாங்கினார். ஊருக்கு வந்து இரண்டு நாளில் அதைச் சின்னப் புட்டிகளில் ஊற்றி 43 வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.