பிட்கெர்ன் தீவின் பாகப்பிரிவினை

அன்புள்ள ஐயா,

சின்னச் சமூகங்கள் அழிவதெல்லாம் பஞ்சத்தாலோ பகைவராலோதான் என்று நண்பர்கள் சாதிக்கிறார்கள். சோற்றுக்குக் குறைவில்லாத, எதிரியே வராத ஓர் இடத்தில் மனிதர்கள் தங்கள் குணத்தாலேயே அழிந்தது உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்டு. பசிபிக் கடலிலுள்ள பிட்கெர்ன் தீவு. 1789 ஏப்ரலில் 'பவுண்டி' கப்பலில் கலகம் செய்த மாலுமிகளில் 9 பேர், பிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில், 1790 ஜனவரியில் அங்கே கரையேறினார்கள். கூடவே பாலினேசிய ஆண்கள் 6 பேர், பெண்கள் 12 பேர், ஒரு கைக்குழந்தை. பெண்களில் பலர் ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். தீவில் வேறு யாருமில்லை. ஈரப்பலா, தேங்காய், கிழங்கு, மீன் எதற்கும் பஞ்சமில்லை. பிரிட்டிஷ் கடற்படை கண்டுபிடித்துவிடக் கூடாதென்று கப்பலையும் கொளுத்திவிட்டார்கள். அதோடு, பிணக்கு வந்தால் விலகிப் போகும் வழியும் அடைபட்டது.

கோளாறு பங்கு பிரித்ததில் தொடங்கியது. நிலத்தை 9 பங்காக்கி வெள்ளையர்களே எடுத்துக்கொண்டார்கள். பாலினேசியர்களுக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது. அந்த நிலத்திலேயே கூலியில்லா வேலை, சிலரிடம் சவுக்கடியும். பெண்களிலும் ஆளுக்கொருத்தி என 9 பேரை அவர்களே வைத்துக்கொள்ள, மற்ற 6 ஆண்களுக்கு மிஞ்சியது 3 பேர். அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கில் ஓர் இறப்புக்குக்கூட இடமில்லை. வில்லியம்ஸ் என்ற மாலுமியின் மனைவி இறந்ததும் அவன் ஒரு பாலினேசியனின் மனைவியைப் பறித்தான். பழிவாங்கச் சதி நடந்தது. பெண்கள் பாட்டுப் பாடி மாலுமிகளை எச்சரித்ததாகச் சொல்வார்கள். சதி செய்த இருவர் கொல்லப்பட்டார்கள். 1793இல் எஞ்சிய பாலினேசிய ஆண்கள் நால்வர் துப்பாக்கி எடுத்து, தோட்டங்களில் வேலையாக இருந்த கிறிஸ்டியன் உட்பட 5 மாலுமிகளைக் கொன்றார்கள். வில்லியம்ஸும் அதில் போனான். சில வாரங்களுக்குள் அந்த நால்வரும் தமக்குள் மோதியும், விதவைகள் கையாலும், மிஞ்சிய மாலுமிகள் கையாலும் மாண்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். இனப்பகை தீர்ந்தது, மிஞ்சிய 4 மாலுமிகளுக்கு நிலம் வேண்டிய மட்டும். 1794இல் பெண்கள் தாங்களே படகு கட்டித் தப்பப் பார்த்தார்கள், படகு கவிழ்ந்தது. மக்காய் என்பவனுக்குச் சாராயம் காய்ச்சத் தெரியும். 'டீ' என்ற செடியின் கிழங்கைச் சுட்டால் இனிக்கும். அதை நசுக்கி ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, கப்பலின் செம்புக் கெண்டியில் காய்ச்சி வடித்தான். 1798 வாக்கில், அந்தப் போதையிலேயே பாறையிலிருந்து குதித்துச் செத்தான்.

மறு வருஷம் குவிண்டால் என்ற மாலுமி, தன் மனைவி இறந்ததும், மற்ற இரு மாலுமிகளான யங், ஆடம்ஸ் இவர்களில் ஒருவர் மனைவியைத் தரவேண்டுமென்று மிரட்டினான். துணையற்ற பெண்கள் பலர் தீவில் இருந்தும்தான். வில்லியம்ஸ் செய்த அதே காரியம். இம்முறை பறிகொடுக்க இருந்தவர்கள் வெள்ளையர்கள். யங்கும் ஆடம்ஸும் கோடரியால் அவனை வெட்டிக் கொன்றார்கள். 1800இல் யங் ஆஸ்துமாவில் போனார். 1808இல் 'டோபாஸ்' என்ற அமெரிக்கக் கப்பல் வந்தபோது, வந்திறங்கிய 15 ஆண்களில் உயிரோடிருந்தவர் ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான். பிறகு வந்த கப்பல் தலைவர்களிடம் அவர் ஆளுக்கொரு விதமாகக் கதை சொன்னார் என்பதையும் நண்பர்களிடம் சொல்லுங்கள்.