ஊசி போடாம எல்லோ ஃபீவர் கார்டு வாங்கலாமா? - வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு உகாண்டாவுல கம்பாலாவுல ஒரு கம்பெனியில அக்கவுண்டன்ட் வேலை கிடைச்சிருக்கு, இன்னும் மூணு வாரத்துல கிளம்பணும். எல்லோ ஃபீவர் ஊசி போட்டாத்தான் உள்ள விடுவாங்களாம். டிக்கெட் போட்டுக் குடுத்த ஏஜென்ட் "ஊசி எல்லாம் வேண்டாம் தம்பி, பாஸ்போர்ட் காப்பியும் பணமும் அனுப்பு, சீல் போட்ட கார்டு வீட்டுக்கே வந்துரும்"னு சொல்றார். கூட வர்ற ரெண்டு பேர் அப்படித்தான் வாங்கியிருக்காங்க. வாங்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வாங்கவே வாங்காதீங்க தம்பி. கூட வர்ற அந்த ரெண்டு பேர்கிட்டயும் இதைக் காட்டுங்க.

எல்லோ ஃபீவர் (மஞ்சள் காய்ச்சல்) கொசு பரப்புற நோய், வந்துட்டா அதுக்குன்னு தனி மருந்து கிடையாது, காய்ச்சலுக்கும் நீர்ச்சத்துக்கும் பார்த்துக்கிட்டு உடம்பு தானா ஜெயிக்குதான்னு காத்திருக்கணும் அவ்வளவுதான். நிறைய பேருக்கு லேசா வந்து போயிரும், ஆனா நோய் முத்தி மஞ்சள் காமாலை, ரத்தக்கசிவுன்னு போறவங்கள்ல ஏறக்குறைய பாதிப்பேர் பத்து நாளைக்குள்ள இறந்துடறாங்க. இவ்வளவு மோசமான நோய்க்கு ஒரே ஒரு ஊசி, வாழ்நாள் பூரா பாதுகாப்பு. அதைப் போடாம கார்டை மட்டும் பையில வச்சுக்கிட்டுப் போனா கொசு வந்து கார்டை வாங்கிப் பார்க்கப் போறதில்ல.

2016ல அங்கோலாவுல இந்த நோய் பெருசா பரவினப்போ, அங்க வேலைக்குப் போயிருந்த சீனாக்காரங்க 11 பேர் நோயோட ஊர் திரும்பினாங்க. நம்ம ஊருக்கும் இதுல ஒரு கவலை இருக்கு. டெங்குவைப் பரப்புற அதே ஏடிஸ் கொசுதான் எல்லோ ஃபீவரையும் பரப்பும், அந்தக் கொசு நம்ம வீட்டு மொட்டைமாடித் தொட்டி வரைக்கும் இருக்கு, ஆனா இதுவரைக்கும் இந்தியாவுல அந்த நோய் கிடையாது. அதனாலதான் கார்டு இல்லாம அந்த நோய் இருக்கிற நாடுகள்ல இருந்து வர்றவங்களை ஏர்போர்ட்லயே பிடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனியா வைக்கிறாங்க. பொய்க் கார்டுல உள்ள வர்ற ஒருத்தர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கல, தெருவையே வைக்கிறார்.

சரி, எங்க போடறது? எல்லா ஆஸ்பத்திரியிலயும் இந்த ஊசி கிடைக்காது, மத்திய அரசு அனுமதி குடுத்த சென்டர்ல மட்டும்தான். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கு. கவர்மென்ட் சென்டர்ல கட்டணம் சில நூறு ரூபாய்தான், ஏஜென்ட் கேக்கிறதை விடக் குறைச்சலாத்தான் இருக்கும். தினமும் போட மாட்டாங்க, ஏன்னா பொடியா வர்ற மருந்துல தண்ணி கலந்துட்டா ஆறு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும், மிச்சத்தைக் கொட்டித்தான் ஆகணும், ஒரு பாட்டில்ல பல பேருக்கு மருந்து இருக்கு, அதனால குறிப்பிட்ட நாள் வச்சு ஆளுங்களைச் சேர்த்துத்தான் போடுவாங்க. முன்கூட்டியே நாளும் நேரமும் கேட்டு புக் பண்ணிட்டு ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட போங்க, வெறும் வயித்துல போகாதீங்க.

மேல் கையில தோலுக்கு அடியில போடற சின்ன ஊசிதான். போட்டதும் அரை மணி நேரம் அங்கயே உட்காருங்க, அலர்ஜி வந்தா உடனே பார்ப்பாங்க. முட்டை சாப்பிட்டா மூச்சு முட்டுற அளவுக்கு அலர்ஜி இருந்தா ஊசிக்கு முன்னாடியே சொல்லணும், இந்த மருந்து கோழி முட்டைக் கருவுல வளர்க்கிறது. கார்டு கைக்கு வந்ததும் அங்க நின்னே பாருங்க: பேரும் பாஸ்போர்ட் நம்பரும் எழுத்து பிசகாம இருக்கா, ஊசி போட்ட தேதி, மருந்து கம்பெனி, பேட்ச் நம்பர், கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கான்னு. ஊர் வந்து சேர்ந்த பிறகு ஒரு எழுத்து தப்புன்னு கண்டுபிடிச்சா மறுபடி சென்னைக்கு பஸ் ஏறணும்.

ஊசி போட்ட பத்தாவது நாள்ல இருந்துதான் கார்டு செல்லும், அதனால இந்த வாரமே போங்க. 10 வருஷத்துக்கு ஒருதரம் போடணும்ங்கிறது பழைய கதை, 2016 ஜூலையில இருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். அப்படியே டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளையும் மலேரியா மாத்திரையையும் பத்தி ஒரு டாக்டர்கிட்ட பேசிடுங்க. ஆறு வாரம் முன்னாடியே வந்திருந்தா நிதானமா எல்லாம் போடலாம், மூணு வாரத்துலயும் முக்கியமானதை முடிச்சுடலாம்.

கேள்வி: என் பொண்ணு கென்யாவுல நைரோபியில இருக்கா, பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடறா. எனக்கு 66 வயசு, சுகர், பிரஷர் இருக்கு. இந்த வயசுல எல்லோ ஃபீவர் ஊசி கூடாதுன்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்துறாங்க.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, பக்கத்து வீட்டுல சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு. இது வீரியம் குறைச்ச உயிருள்ள வைரஸால செஞ்ச ஊசி, 60 வயசுக்கு மேல முதல் தடவையா போடறவங்களுக்கு கடுமையான பக்கவிளைவு வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்தா ஈரலையும் மூளையையும் பாதிக்கலாம். சுகரும் பிரஷரும் கட்டுக்குள்ள இருந்தா அதுங்க தடை இல்ல. நான் உங்ககிட்ட கேக்க நினைக்கிறது வேற: மூட்டு வலிக்கு ஸ்டீராய்டோ மெத்தோட்ரெக்ஸேட்டோ சாப்பிடறீங்களா? கேன்சர் சிகிச்சை எடுத்திருக்கீங்களா? நெஞ்செலும்புக்குப் பின்னால இருக்கிற தைமஸ் சுரப்பியில ஆபரேஷன், மயஸ்தீனியா கிராவிஸ்ங்கிற தசை பலவீன நோய் மாதிரி ஏதாவது உண்டா? இதுல ஒண்ணு இருந்தாலும் போட வேண்டாம்னுதான் பெரும்பாலும் சொல்வோம். உங்க வழக்கமான டாக்டர்கிட்ட எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்துட்டுப் போய் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க.

வேண்டாம்னு முடிவானா காரணம் எழுதி மருத்துவ விலக்குச் சான்று வாங்கிக்கணும். ஆனா அதை ஏத்துக்கிறது ஏர்போர்ட் சுகாதார அதிகாரி கையில இருக்கு, திரும்பி வரும்போது தனியா வைக்கவும் வாய்ப்பு உண்டு, அதை மனசுல வச்சுக்கிட்டுக் கிளம்புங்க. நைரோபி ஊருக்குள்ள மலேரியா குறைச்சல்தான், மாப்பிள்ளை மொம்பாசா கடற்கரை பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்னா மாத்திரை வேணும். இன்சுலின் போடறீங்கன்னா கைப்பையிலதான் வைக்கணும், லக்கேஜ்ல போட்டா உறைஞ்சு வீணாயிரும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நைஜீரியாவுல லாகோஸ்ல வேலை பார்க்கறார். மலேரியா மாத்திரை சாப்பிடுங்கன்னா "சின்ன வயசுல இருந்து கொசுக்கடியில வளர்ந்த உடம்பு"ன்னு சிரிப்பார். போன வாரம் லீவுல வந்தார், வந்த மூணாம் நாள் குளிர் ஜுரம். இங்க கிளினிக்ல வைரல்னு மாத்திரை குடுத்தாங்க, இப்போ பரவாயில்ல. பயப்படணுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: இன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கம்மா, நாளைக்குன்னு தள்ளாதீங்க. பாராசிட்டமால் சாப்பிட்டா மலேரியா ஜுரமும் இறங்கும், கிருமி உள்ளயே இருக்கும், திரும்ப வரும்.

கொசுக்கடி பழகின உடம்புங்கிறது உதவாது. சென்னை பக்கம் பார்க்கிற மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை, ஆப்பிரிக்காவுல இருக்கிறது பெரும்பாலும் ஃபால்சிபாரம், அது ஒண்ணு ரெண்டு நாள்ல மூளை, கிட்னி வரைக்கும் போயிரும். குழந்தையில வந்திருந்தா கூட அந்த எதிர்ப்பு வருஷக்கணக்கா தங்காது, அங்கயே போய் வர்ற நம்ம ஆளுங்களும் இதே நினைப்புலதான் மாட்டிக்கிறாங்க.

டாக்டர்கிட்ட முதல் வாக்கியமே "நைஜீரியாவுல இருந்து வந்திருக்கார்"னு சொல்லுங்க, அவங்க கேக்கட்டும்னு இருக்காதீங்க. முதல் டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தாலும் 12, 24 மணி நேரம் விட்டு இன்னும் ரெண்டு தடவை பார்க்கணும். திரும்பி வந்து மூணு மாசத்துக்குள்ள எந்தக் காய்ச்சல் வந்தாலும் இதே மாதிரிதான், ஒரு வருஷம் வரைக்கும் கூட நினைப்புல இருக்கட்டும்.

மலேரியா வராம தடுக்கிற மாத்திரையில டாக்ஸிசைக்ளின்னா தினமும் சாப்பிடணும், ஊர் வந்த பிறகும் நாலு வாரம். அட்டோவாகுவோன்-புரோகுவானில்னா வந்த பிறகு ஏழு நாள் போதும். வருஷக்கணக்கா அங்க இருக்கிறவருக்கு எது சரின்னு அவர் உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மலேரியா கொசு சாயங்காலத்துல இருந்து விடியுற வரைக்கும் கடிக்கும், அதனால மருந்து ஏத்தின கொசுவலை ஒண்ணு அவர் பெட்டியில போகட்டும்.

கேள்வி: அமெரிக்காவுல எம்எஸ் படிக்கப் போறேன். யுனிவர்சிட்டி ஃபார்ம்ல எம்எம்ஆர் (தட்டம்மை, மம்ப்ஸ், ருபெல்லா தடுப்பூசி) ரெண்டு டோஸ் கேக்கறாங்க, சின்ன வயசு தடுப்பூசி அட்டை தொலைஞ்சு போச்சு.
- வாசகர், மதுரை

பதில்: அட்டையைத் தேடி நாளை ஓட்டாதீங்க, மறுபடி போட்டாலும் கெடுதல் இல்ல. ரெண்டு டோஸுக்கு நடுவுல 28 நாள் இடைவெளி வேணும், அதனால இப்பவே ஆரம்பிங்க. சிக்கன்பாக்ஸ், மெனிஞ்சைட்டிஸ், டிபி டெஸ்ட்னு ஃபார்ம்ல வேற என்ன இருக்குன்னு முழுசா படிச்சு பிரின்ட் எடுத்துட்டே டாக்டர்கிட்ட போங்க. டிபிக்கு தோல் டெஸ்ட் கேட்டிருந்தா எம்எம்ஆர் போடற அன்னைக்கே பண்ணிடுங்க, இல்லேன்னா நாலு வாரம் கழிச்சுத்தான் பண்ணணும், நடுவுல பண்ணினா ரிசல்ட் தப்பா வரலாம்.