இடது கை இல்லாத சட்டை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகள் படித்துவிட்டு வைத்திருந்த ஒரு ஃபேன்டஸி நாவலைச் சும்மா புரட்டினேன். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 'ஆறு அன்னங்கள்' கதையைப் பதின்வயதினருக்காக நாவலாக எழுதியிருக்கிறார்கள். இரண்டே இரவில் முடித்துவிட்டேன், அழவும் செய்தேன். எனக்கு வயது 43. அலுவலகத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அட்டை போட்டு மறைத்துப் படித்ததை வெட்கத்தோடு சொல்கிறேன். இது வெறும் பிள்ளைகள் கதைதானே? முடிவு தெரிந்த கதை எப்படி இவ்வளவு தூரம் இழுத்தது? இப்படித் திருப்பி எழுதுவது மூலக்கதையைக் கெடுக்கும் வேலை என்கிறார் நிறைய வாசிக்கும் நண்பர் ஒருவர். அன்னங்களாகிவிட்ட அண்ணன்களை மீட்கப் பேசாமலே சட்டை தைத்த அந்தப் பெண் மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள். இந்த வகையில் அடுத்து என்ன படிக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த அட்டையைக் கிழித்துப் போடுங்கள். இரண்டு இரவு தூங்க விடாமல் செய்த புத்தகத்தை 'வெறும்' என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அம்மா தன் புத்தகத்தை ஒளித்து ஒளித்துப் படிப்பதை உங்கள் மகள் பார்த்திருந்தால், தனக்குப் பிடித்ததைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்? வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது ஒரு கேள்வியே இல்லை.

மூலக்கதை எது என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள். இந்தக் கதையை வில்ஹெல்ம் கிரிம்முக்குச் சொன்னவர் டோர்ட்ஷென் வில்ட், காஸல் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகள். பிற்பாடு வில்ஹெல்ம் அவரையே மணந்துகொண்டார். 1812-ல் வந்த தொகுப்பை 1857 வரை ஏழு பதிப்புகளில் சகோதரர்களே மாற்றிக்கொண்டு வந்தார்கள். முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பவள் பெற்ற தாய். அடுத்த பதிப்பில் அவள் சிற்றன்னை. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் இதே மாதிரிக் கதையை 1838-ல் எழுதியபோது அண்ணன்கள் பதினொரு பேர், சட்டை நெய்வது தொட்டால் எரியும் காஞ்சொறியில். இதில் எதைக் கெடுப்பது? புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதி அகலிகையை மறுபடி கல்லாக்கியதை உங்கள் நண்பர் கட்டாயம் கொண்டாடுவார். அங்கே சரி என்றால் இங்கேயும் சரிதான்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதே அவளுக்காகத்தான்.

சில வருடங்களுக்கு முன் என் குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி. அதை எடுத்த பிறகு பத்து நாள் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் மருத்துவர். பத்து நாள்தானே என்று நினைத்தேன். கையில் ஒரு நோட்டும் பேனாவும். முதல் நாள், நான் எழுதி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள், நான் பாதி எழுதும்போதே மீதியை அவர்களே படித்துவிட்டு, அதற்குப் பதிலும் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பெரும்பாலும் தப்பாகத்தான் படித்தார்கள். பார்க்க வந்த உறவினர் ஒருவர் எனக்குக் காது கேட்காததுபோல உரக்கப் பேசினார். ஆறாம் நாள் என் மனைவியோடு ஒரு மனத்தாங்கல். நான் செய்யாத ஒன்றை நான்தான் செய்தேன் என்று அவள் நினைத்துவிட்டாள். 'நான் இல்லை' என்று எழுதிக் காட்டினேன். அவள் நம்பவில்லை. மறுபடியும் எழுதினேன். அழுத்தியதில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்து அவள் எழுந்து போய்விட்டாள். நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவுதான், சின்ன வயதில் கேட்ட அந்தத் தங்கை நினைவுக்கு வந்தாள். ஆறு வருடம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, நட்சத்திரப் பூக்களால் ஆறு சட்டை தைக்க வேண்டும். அவள் பெற்ற குழந்தையை மாமியார் தூக்கிக்கொண்டு போகிறாள். அவள் வாயில் ரத்தத்தைப் பூசிவிட்டு, பெற்ற பிள்ளையைத் தின்றுவிட்டாள் என்கிறாள். மூன்று பிரசவம், மூன்று முறையும் இதே பழி. அவள் 'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆறு அண்ணன்களும் காலத்துக்கும் அன்னங்கள்தான். அதனால் தைத்துக்கொண்டே இருக்கிறாள்.

தேவதைக் கதை இதைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். அதன் நடை அப்படி. நாவல் அப்படிப் போய்விட முடியாது. அந்த அறையிலேயே அவளோடு உட்கார்ந்தாக வேண்டும். பால் கட்டி வலிக்கிற மார்போடு அவள் எப்படி ஊசியில் நூல் கோத்தாள் என்று சொல்லியாக வேண்டும். முடிவு தெரிந்திருந்ததால் உங்களுக்குப் பக்கத்தைத் தள்ளும் அவசரம் இருக்கவில்லை. எப்படித் தாங்கினாள் என்று அருகில் இருந்து பார்த்தீர்கள், அதனால்தான் அழுதீர்கள். வாயைக் கட்டிவிட்டு, மனதோடு மனம் பேசும் மந்திரத்தைக் கையில் கொடுத்துவிடும் நாவல்களும் இந்த வகையில் உண்டு. அவற்றை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன். பத்து நாள் நோட்டோடு இருந்தவனுக்கு அது பொறுக்கவில்லை.

அடுத்து என்ன படிப்பது? ராபின் மெக்கின்லி 'அழகியும் மிருகமும்' கதையை 1978-ல் 'பியூட்டி' என்று எழுதினார். அதே கதையை 1997-ல் 'ரோஸ் டாட்டர்' என்று மறுபடியும் எழுதினார். பழையதை முதலில் படியுங்கள்.

ஆனால் இதை நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது உங்கள் மகளிடம். நீங்கள் படித்ததும் அழுததும் அவளுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அப்புறம் எனக்காக ஒன்று கேளுங்கள். தங்கையை எரிக்கக் கொண்டுபோகும் நாளில் கடைசிச் சட்டையின் இடது கை மட்டும் தைக்காமல் நின்றுவிடுகிறது. கடைசி அண்ணனுக்கு அந்தக் கை திரும்ப வரவில்லை, அந்த இடத்தில் சிறகே இருந்துவிட்டது. கிரிம் கதை அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று இரவு அவன் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருப்பான்? அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.