ஹோவர்ட் ட்ரூவை அறையில் பூட்டினார்களா?

அன்புள்ள சார்,

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் இறுதிப்போட்டியில் ஓடவிடாமல், கறுப்பர் என்பதற்காகவே அமெரிக்க ஓட்டக்காரர் ஹோவர்ட் ட்ரூவை உடைமாற்றும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா? பிறகு அவர் என்ன ஆனார்?

கே.

அன்புள்ள கே.,

பூட்டவில்லை. அரையிறுதியில் ஜெயித்தபோதே அவருடைய கால் தசைநார் பிடித்துக்கொண்டது. மறுநாள் ஓட முடியவில்லை, அவ்வளவுதான். ஆறு பேர் நிற்கவேண்டிய கோட்டில் ஐந்து பேர் நின்றார்கள். அந்த ஓட்டமும் லேசில் தொடங்கவில்லை. ஃபால்ஸ் ஸ்டார்ட் (சைகைக்கு முன்பே பாய்ந்துவிடுவது) மேல் ஃபால்ஸ் ஸ்டார்ட். அதில் ஒருமுறை இன்னொரு அமெரிக்கர் ரால்ஃப் கிரெய்க் 100 மீட்டரையும் ஓடியே முடித்துவிட்டார்! திரும்பி வந்து மறுபடி ஓடி, 10.8 விநாடியில் தங்கம் வாங்கினார். (இதே கிரெய்க் 1948இல் லண்டனில், ஐம்பத்தொன்பது வயதில், பாய்மரப் படகு அணியின் மாற்று வீரராக வந்து அமெரிக்கக் கொடியையும் பிடித்தார்.)

அன்றைய அமெரிக்காவில் கறுப்பர்களை நடத்திய விதம் தெரிந்தவர்கள் பூட்டிய கதையை நம்பியதில் வியப்பில்லை. எனக்குள்ள குறை வேறு. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ட்ரூவின் ஓட்டத்தை ஸ்டாக்ஹோமோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது அவருக்கு 22 வயது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இன்னும் பள்ளி மாணவர், அதுவும் மனைவி, குழந்தைகளோடு! சம்பாதித்துக்கொண்டே படித்தவர்.

கால் சரியானது. அப்புறம் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய், 1914இல் 100 கஜத்தை 9.6 விநாடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். ஸ்டார்ட்டிங் பிளாக் வராத காலம். கால் ஊன்ற ஓட்டக்காரரே தரையில் குழி தோண்டிக்கொள்ள வேண்டும். உலகிலேயே வேகமான மனிதர் என்று அவரைப் பத்திரிகைகள் எழுதின. 1916இல் பெர்லினில் ஒலிம்பிக் நடந்திருந்தால் தங்கத்துக்கு அவர் பெயரைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். உலகப் போரால் அது நடக்கவே இல்லை. என்னைக் கேட்டால் ட்ரூவுக்கு ஸ்டாக்ஹோமைவிடப் பெரிய இழப்பு இதுதான். 1920இல் அடுத்த ஒலிம்பிக் வந்தபோது அவருக்கு முப்பது வயது. 100 மீட்டரில் ஒரு கறுப்பர் ஒலிம்பிக் தங்கம் வாங்க 1932 வரை, எடி டோலன் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ட்ரூ சட்டம் படித்தார். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் வழக்கறிஞராக இருந்து, நகர நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் உட்கார்ந்தார். 1957இல் காலமானார்.