ஆய்வாளர் கேள்வி – பதில்: 341 பேர் இருந்தும் மாதிரி ஏன் போதவில்லை?

கேள்வி: கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் ஆய்வுக்குரிய மாணவர்கள் மொத்தம் 2,000 பேர். மாதிரிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் யமானே சூத்திரப்படி 333 பேர் வேண்டும் என்று வந்தது. 11 பள்ளிகளில் பள்ளிக்கு ஒரு வகுப்பை அப்படியே எடுத்து, 341 பேரிடம் வினாப்பட்டியலை நிரப்பி வாங்கிவிட்டேன். மாதிரி போதாது என்று ஆய்வுக் குழுவில் சொல்கிறார்கள். 8 பேர் கூடுதலாகத்தானே இருக்கிறார்கள்?

பதில்: குழு சொல்வது சரி. ஐந்து விழுக்காட்டுப் பிழை வரம்பான 0.05-இன் வர்க்கம் 0.0025. 2,000-ஐ அதனால் பெருக்கினால் 5. அதோடு 1 கூட்டி, 2,000-ஐ அந்த 6-ஆல் வகுத்தால் 333. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தச் சூத்திரம், 2,000 பெயர்களும் ஒரே பட்டியலில் இருக்க, அதிலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கல் முறையில் எடுப்பதாக வைத்துக்கொண்டு உருவானது. நீங்கள் குலுக்கியது மாணவர்களை அல்ல, வகுப்புகளை.

ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே ஆசிரியர், ஒரே பாடவேகம், ஒரே சூழல். அதனால் அவர்களுடைய விடைகள் ஓரளவு ஒத்துப்போகும். முதல் பத்துப் பேரைக் கேட்டபின், பதினோராவது மாணவர் புதிதாகச் சொல்வது குறைவு. இந்த ஒற்றுமையை 0 முதல் 1 வரையான எண்ணாக அளக்கலாம். தேர்வு மதிப்பெண் போன்றவற்றில் அது 0.1 இருப்பது அபூர்வம் அல்ல. வகுப்பில் இருப்பவர்களில் ஒருவரைக் கழித்து, அந்த எண்ணால் பெருக்கி, 1 கூட்டுங்கள். உங்கள் வகுப்புக்கு 31 பேர், 30-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 3, ஒன்றைக் கூட்டினால் 4. 341-ஐ 4-ஆல் வகுத்தால் சுமார் 85. உங்கள் 341 பேர், தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 85 பேருக்குத்தான் சமம்.

அதே உழைப்பை 33 வகுப்புகளில் வகுப்புக்கு 10 பேர் என்று பரப்பியிருந்தால் அந்த 4 என்ற வகுஎண் 1.9-ஆகக் குறைந்து, 330 பேரும் சுமார் 174 பேருக்குச் சமமாகியிருப்பார்கள். ஒரே வகுப்பில் ஆள் கூட்டுவதைவிட வகுப்புகளைக் கூட்டுவதே பலன் தரும்.

சேகரித்த தரவை வீசிவிடாதீர்கள். ஒவ்வொரு தாளிலும் வகுப்புக் குறியீடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் எந்தத் திருத்தமும் செய்ய முடியாது. இருந்தால், இன்னும் 15, 20 வகுப்புகளைச் சேர்த்து, மாணவர், வகுப்பு என்ற இரு நிலைகளையும் கணக்கில் எடுக்கும் பல்நிலைப் பகுப்பாய்வு செய்யுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். யமானே சூத்திரம், எத்தனை விழுக்காட்டினர் என்பதை ஐந்து விழுக்காட்டுப் புள்ளிக்குள் மதிப்பிட உதவுவது. இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது உங்கள் நோக்கமானால் அது பொருந்தாது. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவான திட்டவிலக்கத்தில் பாதியளவு வேறுபாட்டைக் கண்டறியக் குழுவுக்கு 64 பேர் போதும். ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு என்றால் குழுவுக்கு 394 பேர் வேண்டும். (இவை 0.05 முக்கியத்துவ மட்டத்துக்கும், அதாவது இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 விழுக்காடு என்பதற்கும், இருக்கும் வேறுபாட்டைக் கண்டறியும் 80 விழுக்காட்டு ஆற்றலுக்கும் உரிய கணக்குகள். ஜி-பவர் என்ற இலவச மென்பொருள் இதைச் சில நிமிடங்களில் போட்டுத் தரும்.)

கேள்வி: 20 கூற்றுகள் கொண்ட மனப்பான்மை அளவுகோலை முன்னோட்டமாக 30 பேரிடம் கொடுத்தேன். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்பா 0.41 வந்தது. எந்தக் கூற்றை நீக்கினால் ஆல்பா கூடும் என்று மென்பொருளே பட்டியல் தருகிறது. அதன்படி நீக்கிக்கொண்டே போகலாமா?

பதில்: வேண்டாம். 30 பேரை வைத்து நீக்கினால், அந்த 30 பேருக்குத் தற்செயலாகப் பொருந்தாத கூற்றுகளைத்தான் நீக்குவீர்கள். அடுத்த 30 பேரிடம் பட்டியல் மாறிவிடும்.

முதலில் எதிர்மறைக் கூற்றுகளைப் பாருங்கள். ஐந்து புள்ளி அளவுகோலில் அவற்றின் மதிப்பை 6-இலிருந்து கழித்து மாற்ற வேண்டும்: 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும். ஆல்பா இந்த அளவுக்குச் சரியும்போது பெரும்பாலும் இந்தத் திருப்பம் விடுபட்டிருக்கும். கூற்றுக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு எதிர்க்குறியில் வந்தால் அதுதான் அடையாளம். அடுத்து, 5-க்குப் பதில் 55 என்று பதிவாகியிருக்கிறதா, விடுபட்ட விடைக்கு இட்ட 99 கணக்கில் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

இவை சரியாக இருந்தால் கோளாறு சொற்களில் இருக்கும். ‘எனக்குக் கணிதத்தில் ஆர்வம் இல்லை’ என்ற கூற்றுக்கு ‘உடன்படவில்லை’ என்று குறிப்பவர், இரண்டு ‘இல்லை’யை மனத்தில் தாண்டி வர வேண்டும். சிறுவர்கள் அங்கே தடுமாறுவார்கள். ‘கணிதம் எனக்குச் சலிப்பூட்டுகிறது’ என்று எழுதினால் கருத்து எதிர்மறையாகவே இருக்கும், வாக்கியம் நேராகிவிடும். ‘ஆசிரியர் தெளிவாகவும் அன்பாகவும் கற்பிக்கிறார்’ என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, பிரித்துவிடுங்கள். ஐந்தாறு மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் சொந்தச் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் புள்ளியியல் சோதனையும் காட்டாத குறையை அந்த ஒரு மணி நேரம் காட்டிவிடும். ஆங்கில அளவுகோலை மொழிபெயர்த்திருந்தால், மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு தமிழிலிருந்து திரும்ப மொழிபெயர்த்து ஒப்பிடுங்கள்.

திருத்தியபின் ஆல்பா 0.7-ஐத் தாண்டினாலும், எல்லாக் கூற்றுகளும் ஒரே பண்பை அளக்கின்றன என்று எழுதிவிடாதீர்கள். கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.1 இருந்தாலே, 20 கூற்றுகளில் ஆல்பா 0.69 வரும், 40 கூற்றுகளில் 0.82 ஆகிவிடும். ஒரே பண்பா என்பதற்கு, எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும், அதற்கு 30 பேர் போதாது.

கேள்வி: நேர்காணல் வழி ஆய்வுக்கு 12 பேர் போதும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: 2006-இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து அந்த எண் பரவியது. அவர்கள் 60 பெண்களை நேர்கண்டனர். முதல் 12-க்குள்ளேயே முக்கியக் கருத்துகள் பெரும்பாலும் வந்துவிட்டன. ஆனால் அங்கே பங்கேற்றவர்கள் ஓரளவு ஒரே தன்மையினர், கேள்விகளும் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றே. தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் என்று மூன்று தரப்பை நீங்கள் நேர்கண்டால் 12-ஐ மூன்றாகப் பங்கிட முடியாது.

ஒரு நேர்காணலை முடித்ததும் எழுத்தாக்கி, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சிறு பெயரைக் குறியீடாக இட்டபின் அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் புதிதாக வந்த குறியீடுகள் எத்தனை என்று குறித்துவைத்தால், எங்கே நிறுத்தினீர்கள் என்பதற்கு அந்த அட்டவணையே சான்று. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதையும் கால அட்டவணையில் சேருங்கள். எல்லா நேர்காணலையும் முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தால், மூன்றாவது நேர்காணலில் கேட்கத் தவறியது இருபதாவதிலும் விடுபட்டிருக்கும்.

கேள்வி: 20 கருதுகோள்களைச் சோதித்தேன். ஒன்றில் மட்டும் பி மதிப்பு (உண்மையில் உறவே இல்லாவிட்டாலும் இத்தகைய முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.04 வந்தது. அதை மட்டும் கட்டுரையாக்கலாமா?

பதில்: எந்த உறவுமே இல்லாத தரவில் 20 தனித்தனிச் சோதனைகள் செய்தாலும், குறைந்தது ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 20-ஐயும் ஒரே அட்டவணையில் கொடுங்கள். பல சோதனைகள் செய்யும்போது எல்லையை இறுக்கும் பான்ஃபெரோனி திருத்தப்படி உங்கள் எல்லை 0.05-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 0.0025. அந்த 0.04 அதைவிடப் பெரியது, அதனால் தேறாது. புதிய மாதிரியில் சோதிக்க வேண்டிய ஊகமாக மட்டும் அதைக் குறிப்பிடுங்கள்.