சொல் எடுபட வேண்டுமென்றால்

வணக்கம் அக்கா,

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். ஊர்களின் பழைய கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் எல்லாவற்றையும் தேடி ஸ்கேன் செய்து சேர்க்கும் ஓர் இணையக் குழுவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பது, ஸ்கேன் செய்த பக்கங்களைத் திருத்துவது, புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று யார் கேட்டாலும் செய்கிறேன். ஆனால் முடிவெடுக்கும்போது என் சொல் எடுபடுவதில்லை. கனடா, லண்டனில் இருக்கும் மூத்தவர்கள் சொல்வதுதான் நடக்கிறது. போன மாதம், மலர்களை இணையத்தில் ஏற்றும் முன் உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குவோம் என்றேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. உதவி செய்பவனுக்குச் செல்வாக்கு வரும் என்கிறார்களே, உண்மையா?

ந., கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

உண்மைதான். ஆனால் எல்லா உதவியாலும் வருவதில்லை.

பலனை எதிர்பாராமல் செய்யுங்கள் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. ஒரு வேலையில் இரண்டு வருடம் உழைத்தவர், அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல விரும்புவது நியாயம். அதை ஆசை என்று குறைத்துப் பேச எதுவுமில்லை.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். யார் கேட்டாலும் செய்கிறேன் என்கிறீர்கள். எங்கே கேட்கிறார்கள்? பெரும்பாலும் இன்பொக்ஸில்தான் இருக்கும். ஒருவர் கோப்பை அனுப்புவார், நீங்கள் இரவோடு இரவாக மாற்றி அனுப்புவீர்கள், அவர் நன்றி சொல்வார். அவ்வளவுதான். அந்த ஒருவருக்கு உங்கள் அருமை தெரியும். குழுவில் மற்றவர்களுக்கு அப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது. நன்றி சேர்ந்திருக்கிறது, மதிப்புச் சேரவில்லை.

எங்கள் ஊர் வாசிகசாலைகளில் செயலாளராகத் தெரிவாகிறவரைப் பாருங்கள். பெரும்பாலும் அவர் காலையில் கதவைத் திறந்து, பேப்பர்களை மேசையில் விரித்து வைத்து, மாலையில் எடுத்து அடுக்குபவர். அவர் செய்வதை ஊர் தினமும் காண்கிறது. அதனால் பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து கூரை ஒழுகுகிறது என்றால் கேட்கிறார்கள்.

அதனால் இனி யாராவது இன்பொக்ஸில் கேட்டால், குழுவில் கேட்கச் சொல்லுங்கள். எல்லோரும் காணும்படி பதில் எழுதுங்கள். இதைத் தற்பெருமையென்று நினைக்க வேண்டாம். அதே சிக்கலில் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் அந்தப் பதில் உதவும். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பு ஏன் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது, எந்த மாற்றியில் இட வேண்டும், மாற்றிய பின் எந்த எழுத்துகளைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்று படங்களோடு வடிவாக ஒருமுறை எழுதி வைத்துவிடுங்கள். கோப்பை நீங்களே மாற்றிக் கொடுத்தால் அவர் அடுத்த கிழமையும் வருவார். மாற்றக் கற்றுக் கொடுத்தால், அவர் இன்னொருவருக்குச் சொல்லும்போது உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்வார். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றியை எத்தனையோ பேர் பயன்படுத்தினோம். ஒவ்வொருவருடைய கோப்பையும் அவர் வாங்கி மாற்றிக் கொடுக்கவில்லை. நாங்களே மாற்றிக்கொள்ள ஒரு கருவியைச் செய்து தந்தார். தமிழ்க் கணிமையில் அவருடைய பெயருக்கு இருக்கும் மதிப்பு அப்படி வந்தது.

இன்னொருவர் வண்ணார்பண்ணையில் பிறந்த மயூரநாதன். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவில் சொல்லும்படி ஒன்றும் இல்லாத காலத்தில், அமீரகத்தில் கட்டடக்கலைஞராக வேலை செய்துகொண்டே அதன் இடைமுகத்தைத் தமிழாக்கினார். பிறகு ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் வழங்கும் இயல் விருது 2015ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் யார் செய்தது என்று வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிவிடும். யார் எவ்வளவு உழைத்தார் என்று எவரும் போய்ப் பார்க்கலாம். உங்கள் குழுவில் அப்படி ஏற்பாடு இல்லையென்றால், மலர் வாரியாக யார் தேடியது, யார் ஸ்கேன் செய்தது, யார் திருத்தியது என்று ஒரு பொது அட்டவணை தொடங்குங்கள். உங்கள் பெயரை மட்டும் போடாமல் எல்லோர் பெயரையும் போடுங்கள். முக்கியமாக, ஒரேயொரு மலரைக் கொண்டு வந்து தந்துவிட்டுப் போன அம்மாவின் பெயரையும்.

இனி அனுமதி விஷயம். இதில் நீங்கள் சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுவாக ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை இருக்கிறது. அப்படியென்றால் 1970களில் அச்சான ஒரு கும்பாபிஷேக மலரில் உள்ள கட்டுரைகள்கூட இன்னும் யாரோ ஒருவருடைய உரிமைதான். 2005 முதல் இதே வேலையைச் செய்துவரும் நூலகம் திட்டமும் எழுத்தாளர்கள், பதிப்பாளர்களிடம் அனுமதி பெறும் வழக்கத்தோடுதான் வளர்ந்திருக்கிறது. பழைய மலர்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஏற்றிவிட்டால், ஒரு குடும்பம் மனம் நொந்து கேட்கும் நாளில் முழுக் குழுவின் பெயரும் கெடும்.

சரியான யோசனை ஏன் எடுபடவில்லை? நீங்கள் சொன்னது மற்றவர்களுக்கு ஒரு புது வேலையாகத் தெரிந்திருக்கும். அனுமதி வாங்குவோம் என்றால் யார் போவது, என்ன எழுதுவது, மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று தூரத்தில் இருப்பவருக்குத் தலைசுற்றும், பேசாமல் விட்டுவிடுவார். அந்த வேலையின் முதல் பகுதியை நீங்களே செய்து முடித்துவிட்டுப் பேசுங்கள். ஒரு பக்கத்தில் எளிய தமிழில் அனுமதிக் கடிதம் தயாரியுங்கள். உங்கள் ஊர்க் கோயில் பரிபாலன சபைக்கு ஒரு பின்னேரம் போங்கள். எதற்காகக் கேட்கிறோம், எங்கே ஏற்றுவோம், பின்னர் வேண்டாமென்றால் எடுத்துவிடுவோம் என்று இருந்து கதையுங்கள். மலருக்குத் தனித்தனியே எழுதியவர்கள் இருந்தால் அவர்களையும் எங்கே கண்டுபிடிக்கலாம் என்று கேட்டு வாருங்கள். கையெழுத்து வாங்கியதும் அந்தக் கடிதத்தையும் நடந்ததையும் குழுவில் போடுங்கள்.

இது கனடாவில் இருக்கும் மூத்தவரால் செய்ய முடியாத வேலை. அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்கேனர் வாங்கப் பணம் அனுப்பியவர்களும், ஊரை விட்டுப் போய் முப்பது வருடமாகியும் அதன் மலருக்காக அலைபவர்களும் அவர்கள்தான். அந்தப் பாசத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் காரைநகரிலோ அளவெட்டியிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து, அலுமாரியைத் திறந்து காட்டுங்கள் அம்மா என்று கேட்கக்கூடியவர் நீங்கள். குழுவில் உங்கள் பலம் அதில்தான் இருக்கிறது. கோப்பு மாற்றும் வேலையிலேயே இரவுகளைச் செலவழித்து அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

இந்தச் செல்வாக்கு எல்லா விஷயத்துக்கும் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுமதி, ஊரில் தேடுதல், எழுத்துரு என்று நீங்கள் உழைத்த இடத்தில்தான் உங்கள் சொல்லுக்குப் பாரம் இருக்கும். குழுவின் பணக் கணக்கிலோ இணையதளத்தின் வடிவமைப்பிலோ அதே பாரத்தை எதிர்பார்த்தால் மனம் நோகும். அப்புறம், தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று எழுதப் பழகுங்கள். அப்படி எழுதுபவர் தெரியும் என்று எழுதும்போது ஆட்கள் நம்புவார்கள்.

அனுமதிக் கடிதத்தின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன். உங்களுக்குச் சம்மதமென்றால் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன், வேறு ஊர்களில் இதே வேலை செய்பவர்களும் எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அக்கா